நாற்பது நாள் படகு

பெரியவள் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய், சுவரிலிருந்த பிளக்கை இரண்டு கையாலும் பிடுங்கினாள்.

கம்ப்யூட்டரின் விசிறி நின்றது. திரை கறுத்தது. குளியலறையில் மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரை பயமில்லை. அப்பா இன்னும் வெளியே வரவில்லை.

எழுந்தபோது தலை மேஜையில் இடித்தது. தேய்த்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. பிளக்கை மறுபடி செருகினாள். பொத்தானை அழுத்தினாள். நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

திரை வந்தது. கூடவே அந்தச் சிவப்புக் கட்டமும் வந்தது. 'உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன.'

காலை மணி ஏழு பத்து. ஏழரைக்கு அப்பா வந்து இந்த நாற்காலியில் உட்காருவார். பதினாறு மாதமாக ஒரு நாள் தவறியதில்லை.

இந்த வீட்டுக்கு வாராவாரம் வந்து போகிறவர்களுக்கு அந்த நாற்காலியின் கதை தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி.

அப்பா முப்பத்தோரு வருஷம் டவர் கிரேன் ஓட்டியவர். அம்மா போய்ப் பல காலமாகிவிட்டது. பெரியவள் பல் லேபில் வேலை பார்க்கிறாள். ஊரார் வாய்க்குச் செயற்கைப் பல் செய்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் சின்னவன், ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். அவள் ஏற்கெனவே ஒருத்தனைக் கட்டிப் பிரிந்தவள். "அந்தப் பொண்ணு முகத்துல நான் முழிக்கமாட்டேன்" என்றார் அப்பா. சின்னவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான், அவளையே கட்டினான். அவனுக்கு இனி யாரும் போன் போடக்கூடாது என்று பெரியவளுக்கும் உத்தரவு.

பேச்சு நின்றது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

சின்னவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்பாவும் அவனும் சேர்ந்து ஆடிய போர் ஆட்டம் அது. யாரோ ஒருத்தர் பொழுதுபோகச் செய்து இலவசமாக விட்டது. ஒருவர் தன் படைகளை நகர்த்தியதும் அன்றைய நிலை ஒரு சின்னக் கோப்பாகிவிடும். அதை மெயிலில் அனுப்பினால், மறுபக்கத்து ஆள் திறந்து தன் முறையை ஆடலாம். எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் ஆடலாம். ஒரு வார்த்தை பேசாமலும் ஆடலாம்.

அவன் போன எட்டாம் மாதம் அதைத் திரும்ப ஆரம்பித்துவைத்தவள் பெரியவள்தான். சின்னவன் முதல் கோப்போடு ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். 'ஒருநாள் தவறினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.' அதற்குப் பிறகு இரு பக்கமும் ஓர் எழுத்து எழுதவில்லை. தினம் ஒரு கோப்பு வரும், ஒரு கோப்பு போகும்.

அவ்வளவுதான் கதை. அந்த ஆட்டம் இருந்த கம்ப்யூட்டர்தான் இப்போது சிவப்பாக முழித்துக்கொண்டிருக்கிறது.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

"பல்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். "துண்டு எடுத்துக்க மறந்துட்டேன்."

கொண்டுபோய் நீட்டினாள். கதவிடுக்கில் வந்த கை, துண்டைப் பிடிக்கிறதுக்குள் மூன்று தரம் காற்றைத் தொட்டது. நாற்பதாவது மாடிக்குத் தூண் தூக்கி, ஒரு விரல் அகலம் பிசகாமல் இறக்கிய கை. இப்போது டீ கிளாஸை முக்கால்வாசிதான் நிரப்புகிறாள். மூளை தெளிவாக இருக்கும், கைதான் போகப் போகப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நாற்காலியை இழுத்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன இது, சிவப்பா?"

"அப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"சொல்லு."

"உங்க ஆட்டத்தைப் போன வாரம் எட்டிப் பார்த்தேன். அவனோட கடைசிக் கோட்டையைச் சுத்தி நிக்கிறீங்க. நாலஞ்சு நாள்ல முடிஞ்சிடும்போல இருந்துச்சு. முடிஞ்சா அப்புறம் மெயில் அனுப்ப ஒரு காரணம் வேண்டாமா? அதான் அடுத்த ஆட்டம் ஒண்ணு பார்த்து வைக்கலாம்னு காலையில உட்கார்ந்தேன். 'நல்ல இலவச ஆட்டம்'னு தேடினேன். ஒரு பக்கத்துல பச்சையா பெரிய பட்டன் இருந்துச்சு."

"அமுக்கிட்டே."

"ம்."

"தலைமுடி அகலத்துக்குப் பல்லைச் சீவுறவ. இருக்கிறதுலயே பெரிய பட்டனா பார்த்து அமுக்கியிருக்கே."

திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் திட்டவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடியும் சேர்ந்து நடுங்கியது.

"அங்கேர்ந்து மெயில் வந்திருக்கா?"

போனில் பார்த்தாள். "வந்திருக்கு. காலையில அஞ்சு நாற்பதுக்கு."

"அப்ப இன்னிக்கு என் முறை" என்றார். "ராத்திரிக்குள்ள போகலைன்னா, நான் வேணாம்னு விட்டுட்டேன்னு ஆயிடும்."

பெரியவள் லேபுக்கு லீவு சொன்னாள். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

கடைக்காரர் சிவப்புக் கட்டத்தை ஒரு கணம்தான் பார்த்தார்.

"எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசாப் போடணும். உள்ள இருந்தது வராது."

"ஒரே ஒரு ஆட்டம் மட்டும் போதும்ங்க."

"அதுவும்தான் உள்ள இருக்கு. எங்கேர்ந்து இறக்கினீங்களோ அங்கேயே போய்த் திரும்ப இறக்கிக்கோங்க."

அவள் போனில் தேடினாள். அந்த ஆட்டத்தின் பக்கமே இல்லை. செய்தவர் எப்போதோ மூடிவிட்டுப் போயிருந்தார். அதே பெயரில் நாலு இடத்தில் கிடைத்தது. நாலிலும் பச்சைப் பட்டன்.

"அதைத் தொடாதீங்க" என்றார் கடைக்காரர், ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடி. "இலவசம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தா ஓடிடணும். ஒரு மூலையில வெட்கப்பட்டுக்கிட்டுப் போட்டிருந்தா நம்பலாம். ஊர்ப்பட்ட ஆளுங்க சேர்ந்து ஆசைக்குச் செஞ்சு, உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா பார்க்கலாம்னு திறந்து வச்சிருப்பாங்க. அந்த மாதிரிப் பாருங்க. பக்கம் அழகா இருக்காது. கடைசியா எப்போ சரிபண்ணினாங்கன்னு தேதி பாருங்க. ஆடுறவங்க பேசிக்கிற இடம் இருந்தா, அங்க இந்த வாரம் யாராவது சண்டை போட்டிருக்காங்களான்னு பாருங்க."

"சண்டையா?"

"சண்டை போட்டா ஆள் இருக்குன்னு அர்த்தம்ங்க. வீடு மாதிரிதான்."

துடைத்து முடிய மூன்று மணி நேரம் ஆகும் என்றார். பெரியவள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கிளம்பும்போது அப்பா கையில் திணித்த நீல நோட்டைப் பிரித்தாள். ஆட்டத்தின் சரியான பெயர் முதல் பக்கத்தில் இருக்கிறது என்று கொடுத்தார்.

கிரேன் வேலையில் தினம் எழுதிய பழக்கம் அவரை விடவில்லை. தேதி, காற்று, தூக்கிய எடை, குறிப்பு என்று நாலு பத்தி கட்டியிருந்தார். காற்று என்ற இடத்தில் அன்றைய உடம்பு நிலை: 'கை மோசம்', 'பரவாயில்லை', 'ரொம்ப மோசம்'. எடை என்ற இடத்தில் படைகளின் எண்ணிக்கை. குறிப்பில் இரு பக்கத்து நகர்வுகளும்.

முதல் பதினோரு நாள், 'சின்னவன்' என்று எழுதிக் கோடு போட்டு, அவன் நகர்த்தியதை எழுதியிருந்தார். 'சின்னவன்: வில்லாளி நாலு பேரைப் பலிகொடுத்துப் பாலத்தைப் பிடித்தான்.' 'சின்னவன்: குதிரைகளைத் தாறுமாறாக விட்டான். கோபம்.'

பன்னிரண்டாம் நாளிலிருந்து அந்தப் பெயரைக் காணோம். 'அங்கே' என்று மட்டும் இருந்தது. 'அங்கே: காயம்பட்ட இருவரைப் பின்னால் கொண்டுபோனது.' 'அங்கே: பாலத்தை விட்டுக்கொடுத்தது. ஒருவரும் சாகவில்லை.'

பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கங்களில் கை நின்றது.

'நமது: படகு வடக்கே.' அடுத்த நாள், 'நமது: படகு தெற்கே.' அதற்கடுத்த நாள், 'நமது: படகு வடக்கே.'

எண்ணினாள். நாற்பது நாள். கோட்டையை ஒரே நடையில் பிடிக்கக்கூடிய படையைச் சுற்றிலும் நிறுத்திவைத்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு படகை நாற்பது நாளாக மேலும் கீழும் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். 'அங்கே' இருந்து வந்த பதிலும் லேசுப்பட்டதில்லை. 'ஒரு காவலாளி இடப்பக்கம்.' 'ஒரு காவலாளி வலப்பக்கம்.'

இவள் வேறு ஆட்டம் தேடி அவசரப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. பெரியவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் என்ன என்று பார்த்தார். தூசி என்றாள்.

மதியம் கம்ப்யூட்டர் பழைய மேஜைக்குத் திரும்பியது. உள்ளே ஒன்றுமில்லாமல், கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

"அவனுக்கே எழுதி, பழைய ஆட்டத்தை அனுப்பச் சொல்லலாமாப்பா? அவன் கம்ப்யூட்டர்ல இருக்குமே."

"வேணாம். அது முடிஞ்ச ஆட்டம்" என்றார். "நீ நோட்டைப் பார்த்துட்டே, இல்ல?"

"பார்த்தேன்."

"எத்தனை நாளைக்குத்தான் படகு விடறது. புதுசு பாரு."

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நிபந்தனைகளைச் சொன்னார். அவசரப்படுத்தக்கூடாது. ஒருவர் முறை முடிந்துதான் அடுத்தவர். மெயிலில் கோப்பு அனுப்ப வேண்டும். இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தப்பாக வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடிய வேண்டும்.

"நான் ஒரு இடத்துல அமுக்கணும்னு நினைப்பேன். கை வேற இடத்துல அமுக்கும்."

முதலாவது ராஜ்ஜியம் கட்டும் ஆட்டம். பளபளவென்று இருந்தது. மதில் எழுப்பச் சொல்லிவிட்டு அப்பா காத்திருந்தார். எட்டு மணி நேரம் பொறுங்கள், பொறுக்க முடியாவிட்டால் காசு கட்டுங்கள் என்றது.

"நம்ம வீடு கட்டின கொத்தனாரே இவனைவிடப் பரவாயில்ல" என்றார். "தூக்கு."

இரண்டாவது நல்ல ஆட்டம்தான். ஆள் இருந்தது, சண்டையும் இருந்தது. ஆனால் முறை கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா ஒரு வேலைக்காரனைப் பிடித்து வயலுக்கு அனுப்பப் பார்த்தார். மவுஸ் அம்பு அவன்மேல் நிற்கவில்லை. வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். அதற்குள் திரையின் ஓரத்திலிருந்து குதிரைகள் வந்தன. நாலு நிமிஷத்தில் ஊர் எரிந்துபோயிற்று.

அவள் சட்டென்று மூடினாள்.

"ஏன் மூடறே? எரிஞ்சா எரியட்டும். நம்ம கை லட்சணம் நமக்குத் தெரியாததா."

சொல்லிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவள் அவர் முதுகைப் பார்க்காமல் தேடிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது விண்வெளியில் நடந்தது. திறந்த மாத்திரத்தில் கம்ப்யூட்டரின் விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்தியது. படம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. இந்த ஆட்டத்துக்கு நம் வீட்டையே மாற்ற வேண்டும் என்று அவளே தள்ளிவிட்டாள்.

நாலாவது, நாலரை மணிக்குக் கிடைத்தது.

பக்கம் அழகாயில்லை. சாம்பல் நிறத்தில் வெறும் எழுத்து. இலவசம் என்பது கடைசி வரியில், சின்னதாக. சரிபண்ணிய தேதி மூன்று வாரத்துக்கு முன்பு. பேசும் இடத்தில் இரண்டு பேர், தீவுக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்று நேற்றுக்கூட அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தீவுகளைக் குடியேற்றி, வழி பிடித்து, காவல் போடும் ஆட்டம். அறுகோணக் கட்டங்கள். ஒருவர் முறை, பிறகு அடுத்தவர். மெயிலில் கோப்பு அனுப்பலாம். விசிறி மூச்சு விடவில்லை.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கிரேனில் ஏறுவதற்கு முன் கம்பிவடத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பாராம், அப்படிப் பார்த்தார். ஒரு கப்பலை நகர்த்தினார். கை இழுத்தது. கப்பல் பாறையில் போய் நின்றது.

இடது மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருந்தது. அமுக்கினார். கப்பல் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தது.

மறுபடி பாறைக்கு விட்டார். மறுபடி திருப்பினார். ஐந்தாறு தரம் அதையே செய்தார்.

"இது போதும்" என்றார். "இதுலயே இருக்கலாம்."

"ஆனா அவனும் இதையே இறக்கணும்ப்பா. கோப்பு மட்டும் அனுப்பினா அங்க திறக்காது. விளக்கமா எழுதினாலும் அவனுக்குப் புரியணும்..."

"போன் பண்ணு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பார்க்கறே? இரண்டு வருஷத்துல நான் சொல்லி நீ கேட்ட ஒரே விஷயம், போன் பண்ணாம இருந்ததுதான். இப்ப நானே சொல்றேன், பண்ணு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி இருக்கான்னும் கேளு. நான் கேட்டேன்னு சொல்லாதே."

சின்னவன் நம்பரை அவள் 'கேஸ் சிலிண்டர்' என்று பதிந்துவைத்திருந்தாள், அப்பா கண்ணில் பட்டால் வம்பு என்று. அதை அமுக்கினாள்.

இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

மறுபடி. அதே குரல்.

"மாத்தியிருப்பான்" என்றாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை. தம்பி நம்பர் மாற்றியதுகூடத் தெரியாத அக்கா. தினம் மெயில் வருகிறதே, நன்றாகத்தான் இருப்பான் என்று அவளும் இருந்துவிட்டாள்.

மெயில் அனுப்பினாள். 'கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது. இன்றைய முறை தவறவில்லை, தயவுசெய்து தப்பாக நினைக்காதே. உடனே என்னைக் கூப்பிடு.' கீழே தன் நம்பரையும் போட்டாள்.

ஆறு நிமிஷத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ, அக்காவா? நான்... நான் உங்க தம்பி வீட்டுலேர்ந்து பேசறேன்."

பின்னால் ட்ராலி உருளும் சத்தம். யாரோ யாரையோ படுக்கை நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் குரலைப் பெரியவள் இதற்கு முன் கேட்டதே இல்லை.

"நர்ஸம்மாவா?" என்றுவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் அவளைப் பற்றிப் பேசும்போது அப்படித்தான் வரும்.

"ஆமாம்க்கா. மாமாவுக்கு ஒண்ணும் இல்லையே? காலையிலேர்ந்து மெயில் பார்த்துக்கிட்டே இருக்கேன். எப்பவும் எட்டு மணிக்கெல்லாம் வந்துடும். இன்னிக்கு வரலைன்னதும் எனக்கு வார்டுல கையும் ஓடல, காலும் ஓடல."

"அப்பா நல்லாயிருக்காரு. கம்ப்யூட்டர்தான் படுத்துடுச்சு. தம்பி இருந்தா குடும்மா, புது ஆட்டம் ஒண்ணு இறக்கணும். அவனுக்குச் சொல்லணும்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கே சொல்லுங்கக்கா. எழுதிக்கிறேன்."

"அவன் இல்லையா?"

"அக்கா, நான் ஒண்ணு சொல்வேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. ஆட்டத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

பெரியவள் சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் பதினோரு நாள்தான் ஆடினார். அப்புறம், 'அப்பா நேர்ல வந்து பேசட்டும், எனக்கு எதுக்கு இந்த விளையாட்டு'ன்னு விட்டுட்டார். மாமா அனுப்பினது மெயில்ல கிடந்துச்சு. ஒரு நாள் தவறினா முடிஞ்சதுன்னு இவரே எழுதியிருந்தாரே, அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எப்படி ஆடறதுன்னே தெரியாது. டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உட்கார்ந்து, ஏதோ ரெண்டு பேரை நகர்த்தி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்துச்சு. அப்படியே..."

"பதினாறு மாசமா?"

"தோத்துக்கிட்டேதான் வர்றேன்க்கா. மாமா முடிக்கமாட்டேங்கறார்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு எதுவாகவோ ஆனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் எங்கம்மா?"

"தெரியாதுக்கா. போய் ஏழு மாசம் ஆச்சு. அவர் வேலை போச்சு, வீட்டுல பேச்சு வளர்ந்துச்சு. ஒருநாள் நான் டூட்டி முடிஞ்சு வந்தேன், பை இல்ல. அதுக்கப்புறம் நம்பரும் இல்ல. கேட்காத இடமில்ல. உங்க வீட்டுக்கு வந்திருப்பாரோன்னு முதல்ல நினைச்சேன். அங்க வந்திருந்தா மாமா எனக்கு மூவ் அனுப்புவாரா? அனுப்பினாரே. அப்ப அங்கயும் வரலைன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"எங்களுக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக்கூடாதாம்மா?"

"எழுதினா நான்தான் ஆடறேன்னு தெரிஞ்சுடும். என் முகத்துல முழிக்கமாட்டேன்னு சொன்னவர். அந்த மெயிலும் நின்னுடும்." குரல் இறங்கியது. "எனக்கு தினம் ஒரு பதில்னு வர்றது அங்கேர்ந்து மட்டும்தான்க்கா."

யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். பெரியவள் அவசரமாக அந்தச் சாம்பல் பக்கத்தின் பெயரைச் சொன்னாள். பச்சையாக எது தெரிந்தாலும் அமுக்கக்கூடாது என்றாள். சரிக்கா என்றாள் அவள். ராத்திரி எட்டுக்கு முடியும், போனதும் இறக்கிவிடுவேன் என்றாள். மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னாள்.

பெரியவள் முகம் கழுவினாள். துடைத்தாள். கண்ணாடி இல்லாத அடுக்களையில் தன் முகம் எப்படியிருக்கிறது என்று தெரியாமலே வெளியே வந்தாள்.

அப்பா ஸ்டூலில் இல்லை, நாற்காலிக்கு மாறியிருந்தார். திரையில் வெறும் தீவுகள்.

"பேசிட்டேன்ப்பா" என்றாள், உற்சாகமாக. "ராத்திரி இறக்கிடறேன்னு சொன்னான். நல்லாயிருக்கானாம். வேலை ஜாஸ்தியாம்."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னானா? சொன்னாளா?"

பெரியவள் கழுவிய முகத்தை மறுபடி துடைத்தாள்.

"நீ பல்லு செய்யறவ. கடிச்சதோட அச்சைப் பார்த்தா ஆளைச் சொல்லிடுவே, இல்ல? எனக்கு ஆட்டம். அவன் பாலம் பிடிக்க நாலு பேரைச் சாகவிடற ஆள். பன்னெண்டாம் நாள், காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு ஒருத்தர் ஓடறாங்க. அது அவன் கை இல்ல. வார்டுல நிக்கிற கை."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு? அப்புறம் ஏன்ப்பா..."

"முகத்துல முழிக்கமாட்டேன்னுதான் சொன்னேன். ஆடமாட்டேன்னு சொல்லலையே."

அது அவருடைய பழைய குறும்புதான். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், ஆடாமல் இருக்க.

"முதல்ல கோபத்துலதான் ஆடினேன். முடிச்சு அனுப்பிடுவோம்னு. அந்தப் பொண்ணு ஒரு ஆளைக்கூட விடமாட்டேங்குது. இடத்தை விடுது, கோட்டையை விடுது, ஆளை விடமாட்டேங்குது. இப்படியொருத்தியையா நான் வேணாம்னு சொன்னேன்னு ஆயிடுச்சு. அப்புறம் எப்படி முடிக்கிறது?" அவள் பக்கம் திரும்பினார். "அவன் என்ன சொன்னான்? லைன்ல வந்தானா?"

பெரியவள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை.

"அவன் அங்க இல்லப்பா. அவளை விட்டுட்டுப் போய் ஏழு மாசம் ஆச்சாம். எங்க இருக்கான்னு அவளுக்கும் தெரியல."

அப்பாவின் கைகள் தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தன. அவர் அவற்றைப் பிடிக்கவில்லை.

"திரும்பிப் போகலையா அவன்?"

"திரும்பியா? எங்கேர்ந்துப்பா திரும்பி?"

அவர் வாசல் கதவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்த்திருக்கக்கூடாது என்பதுபோலத் தலையைக் குனிந்தார்.

"அப்பா. எங்கேர்ந்து திரும்பி?"

"ஏழு மாசம் இருக்கும். நீ லேபுக்குப் போயிருந்தே. மதியம். மழை. பையோட வந்து நின்னான். 'அங்க இனிமே போகமாட்டேன்ப்பா, திறங்க'ன்னான். கட்டினவளை விட்டுட்டு வந்தவனுக்கு இங்க இடமில்ல, போய் அவளைக் கூட்டிக்கிட்டு வா, ரெண்டு பேருக்கும் சேர்த்துத் திறக்கறேன்னேன். ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் படியிறங்கற சத்தம் கேட்டுச்சு. சொன்னதைக் கேட்டு அவகிட்டதான் போயிட்டான்னு நினைச்சேன். அங்கேர்ந்து தினம் மெயில் வந்துச்சே, வீட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நினைச்சேன்."

"கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தா பேசினீங்க?"

"அவன் கை வச்ச இடத்துலதான் நானும் இந்தப் பக்கம் கை வச்சுக்கிட்டு நின்னேன்" என்றார் அப்பா. "ஆனா திறக்கல."